காயப் போட்டது

சுகுணம்மாவின் கோழிக்குஞ்சு நாலையும்
சாயத்தொட்டியில் முக்கி எடுத்துக்
கொடியில் காயப் போட்டிருந்தான் தணிகைவேல்.
சிட்டம் காயப் போடுகிற மாதிரியே
ஒன்றுக்கும் அடுத்ததற்கும் ஒரு சாண் விட்டு,
துணிக் கிளிப்பில் இறக்கையைக் கவ்வ வைத்து.

மூன்று ஆடவில்லை.
நாலாவது ஆடியது.
அதைப் பார்த்து அவனும்
முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருந்தான்.

"மனசு லேதா வாடிக்கி?" என்றாள் சுகுணம்மா.
உரக்கக்கூட இல்லை.
மனசு இரண்டு பாஷையிலும் மனசுதான்.
லேதா மட்டும்தான் அவளுடையது.
அதையும் அன்று ராத்திரி முழுக்க
நான் வைத்துக்கொண்டேன்.

முனிரத்தினம் குஞ்சுக்கு நாற்பது வீதம்
எண்ணிக் கொடுத்தார்,
உயிரோடிருந்ததற்கும் சேர்த்து.
பட்டறைக்குப் போய்த் திரும்பியவர்
மூன்று நாள் என்னிடம் பேசவில்லை,
நான்தான் முக்கிக் காயப் போட்ட மாதிரி.

நகரியில் வெள்ளிக்கிழமை சைக்கிளில் ஒருவன் வருவான்.
கூடை நிறையச் சாயக் குஞ்சு: ரோஸ், பச்சை, ஊதா.
தெருப் பிள்ளைகள் பின்னால் ஓடும். இவன் ஓடமாட்டான்.
கூடை போன பிறகும்
கூடை நின்ற இடத்தைப் பார்த்திருப்பான்.
அப்பா தொட்டியில் வெள்ளை நூல் உள்ளே போய்
ரோஸாக வெளியே வருவதை
நடக்கத் தொடங்கியதிலிருந்து பார்க்கிறான்.
சேர்த்துப் பார்த்தால் கணக்கு வருகிறது.

இதைச் சொல்லத்தான் சுகுணம்மா வீட்டுக்குப் போனேன்.
பழந்துணியை வெந்நீரில் நனைத்து
நாலாவதின் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.
சொல்லாமல் வந்துவிட்டேன்.

கணக்கு சரி.
ஆனால் கிளிப் மாட்டும்போது அது கத்தியிருக்குமே.
அந்தச் சத்தம்
அவனுக்குள் எங்கே போய் விழுந்தது?

திருப்பதி டாக்டரம்மா தாள் ஒன்று கொடுத்தார்.
தெலுங்கில் அச்சு, நாற்பது கேள்வி.
பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புகிறானா. இல்லை.
பொருள்களை வரிசையாக அடுக்குகிறானா. ஆம்.
பிராணிகளைத் துன்புறுத்துகிறானா.
ஆம், இல்லை, சில நேரம் என்று மூன்று கட்டம்.
பேனா அங்கே நின்றது.
பக்கத்து நாற்காலிப் பெண் தன் தாளைக்
கையால் மறைத்துக்கொண்டாள், பரீட்சை ஹாலில் போல.

வீட்டில் ஒரே பாஷை பேசுங்கள் என்றார்,
இரண்டென்றால் குழம்புவானாம்.
எண்ணுவது எனக்குத் தெலுங்கு, ஏசுவது தமிழ்.
பால்காரனிடம் ஒன்று, சாமியிடம் ஒன்று.
பேசாத பிள்ளைக்காக
நான் எந்த வாயை மூட?

திரும்பும் ரயிலில், புத்தூர் தாண்டி
மூக்கு மலை ஜன்னலுக்கு வந்ததும்
அவன் தன் மூக்கைத் தொட்டுக்கொண்டான்.
நான் சொல்லிக்கொடுக்கவில்லை.
முனிரத்தினத்தைக் கேட்டேன், அவரும் இல்லை.

சுகுணம்மா நாலாவதை வாசலில் விடுகிறாள்,
நாங்கள் வெளியே நிற்காத நேரமாகப் பார்த்து.
இவன் ஜன்னல் கம்பிக்குள்ளிருந்து
என் கையைப் பிடித்து அதை நோக்கி நீட்டுகிறான்.
ரோஸ் வெளுத்துக் கழுத்தடியில்
வெள்ளை முளைக்கிறது. அதையா காட்டுகிறான்?
கிளிப்புகளை நான்
அரிசி டப்பாவின் அடியில் புதைத்து வைத்திருக்கிறேன்.

நேற்று எட்டு மணிக்குக் கரண்டு போனது.
தெருத் தறியெல்லாம் ஒரே அடியாய் நின்றன.
மற்றவர்களுக்கு அப்பாடா.
அவனுக்கு அதுதான் பெரிய சத்தம்.
காதைப் பொத்திக்கொண்டு
தலையைச் சுவரில் இடித்து, இடித்து.
பிடித்துப் பார்த்தேன். கடி வாங்கினேன்.
பிறகு இருட்டில் நானே தறியானேன்.
டக்கட் டக், டக்கட் டக், நாக்கு வறள.
முனிரத்தினம் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.
ஓர் அடி பிந்திய தாளத்தில்
இன்னொரு தறி ஓடத் தொடங்கியது.
தெருவில் யாரோ சிரித்தார்கள்.

அவன் கை என் கழுத்துக்கு வந்தது.
ஐந்து விரலும். நகக்கண்ணில் இன்னும் ரோஸ்.
சத்தம் பிறக்கிற இடத்தைத் தொடுகிறானா
அதை அணைக்கப் பார்க்கிறானா
அழுத்தத்தை வைத்துச் சொல்ல முடியவில்லை.
நான் நிறுத்தவில்லை.