சுருதி சேர்ப்பவர்

வங்கி அனுப்பிய உறையில் எண்ணுக்குக் கீழே ஒரே வரி:
மனப்பாடம் செய்யுங்கள், பிறகு கிழித்துவிடுங்கள்.
கிழித்தேன்.
த்ரியெஸ்தே நகரில் போரா காற்று பிய்த்து வாங்கிய நாள்.
துறைமுகச் சுவரோரம் கையை விரித்ததும்
மூன்று துண்டு கடலுக்குப் போனது,
ஒன்று திரும்பி வந்து
என் கோட்டுக் காலரில் ஒட்டிக்கொண்டது.
அதில் ஒரு ஏழு.

சலவைக்கடையில் என்னோடு இஸ்திரி போடும் ஸ்தென்கா
அட்டையின் முதுகிலேயே
புருவப் பென்சிலால் எழுதிவைத்திருக்கிறாள்.
திருடன் வந்தால் எச்சில் தொட்டு அழித்துவிடுவாளாம்.
நான் அவ்வளவு தைரியசாலி இல்லை.
முப்பத்தெட்டு என் செருப்பளவு,
எழுபத்திரண்டு எங்கள் மாடிப்படி என்று
இரண்டையும் முடிந்துவைத்தேன்.
(பழைய எண்தான். தாராளமாக முயன்று பாருங்கள்.)

கால் மாறவில்லை. படிதான் காலைவாரியது.
வாசலில் இருக்கும் இரண்டு கல்லும் படியில் சேர்த்தியா?
எனக்குப் பின்னால் வரிசையில் ஒருவர் தொண்டையைக் கனைக்க,
எழுபத்துநான்கு, எழுபது, மறுபடி எழுபத்துநான்கு.
இயந்திரம் அட்டையை விழுங்கிவிட்டு
வேறு மொழி வேண்டுமா என்று கேட்டது.

அட்டை திரும்பி வந்த அன்றிரவு
தொலைபேசிக் குறிப்பேட்டில் ஒரு மனிதரைப் பெற்றெடுத்தேன்.
ஒத்தாவியோ கெர்லீனி. பியானோவுக்குச் சுருதி சேர்ப்பவர்.
அவருடைய கடைசி நான்கு எண்
நான்கு, ஒன்பது, எட்டு, மூன்று.
ஒவ்வொன்றிலும் ஒன்றைக் கூட்டியிருந்தேன்.
முன்னால் இருந்தவை கைக்கு வந்தவை.

குழாய்க்காரரைத் தேடப்போய்
அவரைக் கண்டுபிடித்தார் துவீலியோ.
“நம் வீட்டில் பியானோ இல்லையே, நெரீனா.”

அழைத்தும் பார்த்திருக்கிறார்.
மறுமுனையில் யாரோ, பின்னணியில் கோழிகள்.
தவறான எண் என்றாராம்.
இரண்டாம் முறை வைதாராம்.
மூன்றாம் முறை மணி மட்டும் அடித்துக்கொண்டே இருந்ததாம்.

மூன்று நாள் எங்கள் சமையலறையில்
ஜன்னல் மட்டும் பேசியது.
நான் யோக்கியம் என்று காட்ட எண்ணைக் காட்ட வேண்டும்,
எண்ணைக் காட்டினால்
அதன் பின்னால் ஒளிந்திருக்கும் ஆயிரத்து இருநூறு யூரோவைக் காட்ட வேண்டும்.
எதற்கென்று எனக்கே இன்னும் தெரியாத பணம்.
ஒரு கள்ளக்காதலன் அதைவிட மலிவு என்றுகூடத் தோன்றியது.

நான்காம் நாள் உருளைக்கிழங்கு உரித்தபடி சொன்னேன்:
“ஒவ்வொன்றிலும் ஒன்றைக் கழித்துப் பாருங்கள்.”
ரொட்டி உறையின் ஓரத்தில் கழித்தார்.
முப்பத்தெட்டைப் பார்த்து மேசைக்குக் கீழே
என் காலைப் பார்த்தார்.
பிறகு, “நம் படி” என்றார்.
திருடன் ஒரு மாதம் திணறியிருப்பான்.
இவருக்கு ஒரு கிழங்கு உரிக்கிற நேரம்.

பணத்தைப் பற்றிக் கேட்கவில்லை.
“என் எண் உன் பிறந்தநாள்தான்,
அட்டை வாங்கிய நாள்முதல்” என்றார்,
ஏதோ தோற்றுப்போனவர் மாதிரி.
உருகியிருக்க வேண்டும் நான்.
“அடக்கடவுளே, அதை முதலில் மாற்றுங்கள்,
எவனும் முதல் தடவையிலேயே அடிப்பான்” என்றேன்.

அன்று சாயங்காலமே போனோம், காற்றில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு.
தொப்பியைக் கழற்றி விசைகளை மூடினார்,
நான் சொல்லிக்கொடுத்த மாதிரியே, என்னிடமிருந்தும்.
முகத்தைக் கடல்பக்கம் திருப்பிக்கொண்டேன்.
எண்ணக் கூடாது என்று எண்ணிக்கொண்டிருந்தபோதே
நான்கு சத்தம் கேட்டது.
மூன்றாவதற்கும் நான்காவதற்கும் நடுவே
கொஞ்சம் யோசித்தார்.