ஊதாக்கண்ணி

ஞாயிறு இரவு ஏழரைக்குத்
தொலைக்காட்சியில் வரும் விண்கப்பல் அது.
யாரோ கட்டியது.
டிக்கெட் எடுக்காமல் நான் அதில் ஏற்றிவிட்டவள்
செலஸ்டினா.

கண்கள் ஊதா. கோபம் வந்தால் வெள்ளி.
பதினொரு மொழி, வாள், வயலின்,
வெட்டுப்பட்டால் அடுத்த பக்கத்துக்குள் ஆறிவிடும் தோல்.
மூன்றாம் வரியிலேயே கப்பல் தலைவன்
அவளுக்காக உயிரைவிடத் தயார்.
காரணம் கேட்காதீர்கள், எனக்கும் தெரியாது.
காதல் எப்படி மெல்ல வரும் என்று
பதிமூன்று வயதில் நான் எங்கே பார்த்தேன்?
எங்கள் வீட்டில் அது நான் வருமுன்பே வந்து
போயும்விட்டிருந்தது.

எனக்கு முழங்கை மடிப்பில் சொறி.
உட்லண்ட்ஸ் வெக்கையில்
சீருடைக்குள் களிம்பு உருகி ஒட்டும்.
வருகைப் பதிவெடுக்கும் மிஸ்டர் கோ
என் பெயரின் முதல் பாதியில் நின்றுவிடுவார்.
போர்க்...
பின்வரிசை சிரிக்கும். அவர் மன்னிப்புக் கேட்பார்.
மறுநாளும் அங்கேயே நிற்பார்.
பொற்கொடி என்று பார்த்துப் பார்த்து வைத்த அப்பா
அந்தச் சிரிப்பு கேட்கிற தூரத்தில் இல்லை.

செலஸ்டினாவை யாரும் தப்பாக அழைத்ததில்லை.
அவள் பேருந்துக்குக் காத்திருக்கவில்லை,
ஈஸிலிங்க் அட்டையில் காசு தீர்ந்து
டிரைவர் முன் விழிக்கவில்லை,
கணக்கில் முப்பத்தெட்டு வாங்கவில்லை,
தும்மக்கூட இல்லை.
ஒரு குறையாவது வேண்டுமே என்று
யோசித்து யோசித்து நான் கொடுத்தது:
'கொஞ்சம் பிடிவாதக்காரி.'

இன்று யாராவது சிரித்தால் சொல்வேன்,
அவள் என் மழைக்கோட்டு,
உள்ளே நின்றது நான்.
மழைக்கோட்டில் யாராவது கைரேகை தேடுவார்களா?

ஆனால் பரீதா.

என் ஒரே வாசகி.
எங்கள் பிளாக்கின் எட்டாம் மாடிப் படிக்கட்டில்
நோட்டை மடியில் வைத்துப் படிப்பாள், உதடு அசையும்.
அவளையும் கப்பலில் ஏற்றியிருந்தேன்,
பதினான்காம் பக்கத்தில்
செலஸ்டினாவுக்கு விளக்குப் பிடிப்பவளாக.
"நான் அவ்ளோதானா?"
"அடுத்த பாகத்துல வருவ."
வரவில்லை.

அன்று அவள் முதல் பக்கத்துக்குத் திரும்பிப் போனாள்.
'அவள் பிறந்த கிரகம் எரிந்தது. தாய் இறந்தாள்.
செலஸ்டினா அழவில்லை.'
வசதிக்காகத்தான் கொன்றேன்.
அம்மா இருந்தால் கேட்பாள்:
எங்க போற, எப்ப வருவ, கணக்கு முடிச்சியா.
என் அம்மா அந்நேரம்
சாங்கி சரக்குக் கூடத்து இரவு ஷிப்டுக்கு
மீந்த சோற்றை டப்பாவில் அடைத்துக்கொண்டிருந்தாள்.

பரீதா தொடக்கநிலை ஐந்து படிக்கையில்
அவள் அம்மா இறந்தார்.
எனக்குத் தெரியும். ஓதலுக்கும் போயிருந்தேன்.
தெரிந்தும் அந்தப் பக்கத்தை அவள் மடியில் வைத்தேன்.

வரிமேல் விரலை வைத்துக்கொண்டு
லிப்ட் கீழே போய்ச் சேரும் சத்தம்வரை இருந்தாள்.
பிறகு கேட்டாள்,
"அப்புறம் அவங்க துணியெல்லாம்
யாரு எடுத்து வச்சா?"

கிரகமே எரிஞ்சிருச்சு, துணியும் எரிஞ்சிருக்கும் என்றேன்.
கெட்டிக்காரத்தனமான பதில்.
தலையாட்டினாள்.
மடங்கியிருந்த முனையை நீவிவிட்டு
நோட்டைத் திருப்பித் தந்தாள்.

இருபது வருடம்.
தஞ்சோங் பகாரில், பதினேழாம் மாடியில்,
விபத்துக் காப்பீட்டு மனுக்கள் படிக்கிறேன்.
எந்த எலும்புக்கு எவ்வளவு என்று
அட்டவணை பார்க்காமலே வரும்.
நோட்டு மூன்று வீடு மாறிவிட்டது.
பரீதா எந்த வீட்டிலோ.

நேற்று இரவு
முதல் பக்கத்தைத் திரும்ப எழுத உட்கார்ந்தேன்.
கிரகம் எரியவில்லை.
செலஸ்டினா அலமாரியைத் திறக்கிறாள்.
மேலாக ஒரு ரவிக்கை,
அக்குளில் வெளுத்துப்போன வியர்வை வட்டம்.
மடிக்கலாமா, துவைக்கப் போடலாமா,
யாரைக் கேட்பது
என்று தெரியாமல்
முழங்கையைச் சொறிந்துகொண்டு நிற்கிறாள்.

மணி இரண்டாகிவிட்டது.
கண் என்ன நிறம் என்று இன்னும் எழுதவில்லை.