பிறப்பிடமாகவும் வதிவிடமாகவும்

ஐந்நூறு பிரதி, மத்தியானத்துக்குள்.
தவநேசன் தாயின் அடையாள அட்டையை
மேசையில் வைத்தான். வேறு படம் இல்லையாம்.

வழக்கமான வரியைத் தட்டத் தொடங்கினேன்:
திரியாயைப் பிறப்பிடமாகவும்
தம்பலகாமத்தை

பொறுங்கோ, என்றான்.
தம்பலகாமத்தில அம்மாவ ஒருத்தரும்
தம்பலகாமத்தாள் எண்டு சொன்னதில்ல.
இருபத்தாறு வருசமும் திரியாய் மனிசி.
வயலுக்குத் தண்ணி கேட்டுப் போனாலும் திரியாய் மனிசி,
பொங்கலுக்கு அரிசி குடுத்தாலும்.
தொண்ணூறில வெளிக்கிட்டு டவுணுக்கு வந்தம்.
பஸ்ஸால இறங்கேக்க அம்மா
தம்பலகாமத்தா.
சீனக்குடா தாண்டுறதுக்குள்ள.

சரிதான்.
தம்பலகாமம், வாயை மூடி முடிகிற ஊர்.
வெளிக்கிட்டால் ம் விழும்.
விழுந்த இடத்தில் அத்து வந்து ஒட்டும்.
அதற்கு மேல்தான் ஆள் ஏறலாம்.

கிண்ணியாவுக்கு இந்தக் கரைச்சல் இல்லை.
பக்கத்து மேசை றிஸ்மியா
காலையில் பாலம் கடந்து றிஸ்மியாவாகவே வருகிறாள்.
க்காரியை நாங்கள்தான் சேர்க்கிறோம்,
அவள் எழும்பிப் போன பிறகு.

மூதூரில் ஆன் சுலபமாக உட்காரும்.
யாழ்ப்பாணத்துக்கு ஆர்
கேளாமலே வந்துவிடும்.
எங்களுக்கு?
திருகோணமலையார் என்று முழுதாகச் சொன்னால்
சாமி திரும்பிப் பார்ப்பார்.
மலைக்காரர் என்றால் தேயிலை மணக்கும்.
கொழும்பில் ஒருவன் டேய் டிரிங்கோ என்று கூப்பிட்டான்,
திரும்பிப் பார்த்தேன்.
என்ன செய்ய, பசி நேரம், அவன் கையில் சோற்றுப் பார்சல்.

தொலைபேசியில் மூத்தவர், ஸ்காபரோவிலிருந்து:
ஸ்காபரோவைத் தற்காலிக வதிவிடமாகவும் எண்டு போடு.
எட்டு மாசம்தானே அண்ணா இருந்தவ.
எட்டு மாசமும் இருந்தவதானே.
இங்க கோயில்ல எல்லாருக்கும் தெரியும்,
திருகோணமலை அம்மா எண்டால்.

தவநேசன் கைபேசியைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.
முப்பது வருசம் இந்த ஊரில் குப்பை கூட்டி,
கரண்ட் பில் கட்டி,
வாக்குப் போட்டு,
கிடைக்காத ஊர்
அங்கே பனிக்குள் கிடைத்திருக்கிறது.

கடைசியில் எல்லாம் போட்டோம்.
நான்கு ஊர், மூன்று உம்,
ஒரு கொண்ட.
வரி மடிந்து மடிந்து போனதில்
பெயருக்கு இடம் போதவில்லை. எழுத்தைப் பெருப்பித்து
நடுவில் தனியாக வைத்தேன்:
கதிராசிப்பிள்ளை.
றிஸ்மியா எட்டிப் பார்த்து, நல்ல பேர், என்றாள்.

பின்னேரம் மூன்றரைக்கு
ஒரு மனிசன் சைக்கிளைச் சாத்திவிட்டு வந்தார்.
மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் கிழித்தது போலும்,
நோட்டீசின் பின்னால் பசை காயவில்லை.
பிரஸ் தம்பி, இதென்ன வேலை?
படம் எங்கட தம்பலகாமத்தாவின்ர.
பேர் மாறிப்போச்சு.