தங்கிய செலவு

பொதுப்பணம் என் கையில்.
ஆளுக்கு எழுநூறு, நாலு பேர்,
ப்ராக்டிகல் நோட்டின் கடைசிப் பக்கத்தில் கணக்கு.
அரியலூரில் ஏறி விருத்தாசலத்தில் மாறி
கடலூரில் இன்னொரு தரம் மாறினோம்,
நேர் பஸ்ஸைவிடப் பதினாறு ரூபாய் மிச்சம் என்று
பெல்சியா அடித்துச் சொன்னதால்.
அந்தப் பதினாறையும் கடலூர் பஸ் ஸ்டாண்டு வடை தின்றுவிட்டது.

ஐப்பசியில் யார் பாண்டிக்கு வருவார்கள்?
அதனால்தான் வந்தோம்.

மஞ்சள் சுவர்த் தெருவில் ஒரு விடுதி.
"சீசன் இல்ல, பாதி விலைதான்" என்றார் மேசையில் இருந்தவர்.
பாதி, ஐயாயிரம்.
எங்கள் சுடிதார் நுனியிலிருந்து
அவருடைய கட்டம் போட்ட தரையில் தண்ணீர் சொட்டியது.
நஸ்ரின் மட்டும் கெத்தாக,
"ரூம் பாத்துட்டுச் சொல்றோம்."
பார்த்தோம். ஒரே கட்டில், ஆறு தலையணை.
வெளியே வந்து ரொம்ப நேரம்
தலையணைகளைப் பற்றியே பேசினோம்.

கடலுக்கு டிக்கெட் இல்லை.
கருங்கல்லில் ஏறி ஏறி விழுந்துகொண்டிருந்தது.
ஒரு க்ரோசான் நூற்று நாற்பது;
நாலாகப் பிய்த்ததில் விரலில் ஒட்டியதே அதிகம்.
"வெண்ணெய் தடவின பன்னுதான்,
காத்தடிச்சு வச்சிருக்கான்" என்று
தீர்ப்புச் சொன்னாள் குந்தவை.

ஐந்து மணிக்குத் துறைமுகத்தில் கூண்டு ஏற்றினார்கள்.
ஆறு மணிக்குக் கடலூர் பஸ் நின்றது.
ஏழு மணிக்கு லாட்ஜில்,
"நாலும் பொண்ணுங்களா, கூட யாரு?"
கூட மழை.

நாங்கள் நர்சிங், இரண்டாம் வருஷம்.
ராத்திரியில் எந்தக் கட்டடம் ஆதார் கேட்காது என்று
எங்களுக்குத் தெரியாதா?
பார்க்குக்குப் பக்கத்தில்,
அந்த ஐயாயிரத்துக்கு நாலே தெரு தள்ளி,
அரசு ஆஸ்பத்திரி.
பேஷண்டோடு வந்தவர்கள் படுக்கும் கூடத்தில்
பையைத் தலைக்கு வைத்துச் சாய்ந்தோம்.

பாகூர்க்காரம்மா பாயில் பாதியை விட்டுக்கொடுத்தார்.
"யாருக்கும்மா முடியல?"
நஸ்ரின் யோசிக்கவே இல்லை.
"அம்மாவுக்கு. மூணாவது வார்டு."
அவர் வீட்டுக்காரருக்கு இது ஐந்தாம் நாளாம்,
நேற்றிலிருந்து ஒண்ணுக்கே போகலையாம்,
மூஞ்சி நல்லா உப்பி, பார்க்கத் தெளிவா இருக்காராம்.
அதற்கு என்ன அர்த்தம் என்று
போன மாசம்தான் பரீட்சை எழுதியிருந்தோம்.
நாலு பேரும் வாயைத் திறக்கவில்லை.

விடிந்தது, மழை விடவில்லை.
ஃப்ளாஸ்க்கில் டீ வாங்கி வந்து
மூடியில் ஊற்றி ஊற்றித் தந்தார்.
"ஒங்கம்மா கண்ணு முழிச்சாங்களா?"
"ம்" என்றேன்.
இந்தத் தடவை நான்.

பஸ்ஸில் கணக்கு எழுதினேன்.
தங்கிய செலவு, இல்லை.
டீ நாலு பேருக்கு, நாற்பது.
"நாமளா குடுத்தோம்?" குந்தவை எட்டிப் பார்த்தாள்.
அடித்துவிட்டு வரவில் எழுதினேன்.
அதையும் அடித்தேன்.
ரெட்டிச்சாவடி தாண்டியும் கூட்டல் வரவில்லை.
முன் சீட்டில் நஸ்ரின்
தூங்குகிறவள்போல ஜன்னல் பக்கம் திரும்பி
வீட்டுக்குப் போன் போட்டுக்கொண்டே இருந்தாள்.
சிக்னல் இல்லை.