இரண்டு ரூபாய்

மருதானையில் பல் கட்டும் கடைக்கு மேல்மாடி.
மாவுப் பலகையைச் சுற்றி ஏழு பேர்,
எட்டாவதாக நான். கல்யாணமாகி நாலு மாதம்.
கொத்தி வைத்த நுவரெலியாக் கோவாவிலும்
பன்றியிறைச்சியிலும் இஞ்சி மணந்தது.
நான் மடித்ததெல்லாம் கொழுக்கட்டையாகிப் போக
ஷு ஃபென் மச்சாள் வாய்விட்டுச் சிரித்தாள்.
வெந்தால் எல்லாம் ஒன்றுதான்
என்றார் மாமா, சிங்களத்தில்.

எதிலோ ஒன்றுக்குள் காசு இருக்கிறதாம்,
வெந்நீரில் போட்டெடுத்த இரண்டு ரூபாய்.
கிடைத்தவருக்கே அந்த வருஷம்.
சொன்னார்கள்தான்.
பசியில் மறந்துவிட்டேன்.

நடுச்சாமம். துறைமுகப் பக்கம் வாணம் வெடிக்க
என் வாய்க்குள்
கடக்.
எல்லோரும் கைதட்டினார்கள்.
நான் கன்னத்தைப் பொத்திக்கொண்டேன்.
உள்ளங்கையில் காசு,
காசோடு கடைவாய்ப்பல்லில் பாதி.

கீழே கண்ணாடி அலுமாரியில்
நூறு பல் செட் இளித்துக்கொண்டிருக்கும் வீடு!
ஆனால் விடிந்தால் முதல் நாள்.
கத்தி தொடக்கூடாது, கத்தரிக்கோல் கூடாது,
விளக்குமாறுகூடக் கட்டிலுக்கடியில் ஒளிந்திருக்கிறது.
பல் ராவுகிற அரம் எந்தச் சாதி?
மாமா யோசித்தார்.
மாமி பார்த்த பார்வையில்
ஒரு கராம்பை மட்டும் எடுத்து வந்தார்.

காலையில் எல்லோருக்கும் சிவப்பு உறை.
எனக்கு இன்னொன்றும் கிடைத்தது,
ஒரு கிழமை கழித்து,
பொன்னிறத்தில்,
பல்லுக்கு.

கொட்டாஞ்சேனையில் அம்மா வீட்டுப் பொங்கல் கரும்பை
இப்போதும்
அந்தப் பக்கத்தால்தான் கடிக்கிறேன்.