கந்தோர் வளவு: மூன்றாம் வரைபடம்

முதல் வரைபடத்தைக் குகதாசன் நாலாய் மடித்துத்
தேத்தண்ணிக் கோப்பைக்குக் கீழே வைத்தார்.
"பிள்ளை, மதில் எங்க?" என்றார்.
நெல் சங்கத்துக்குப் புதுக் கந்தோர்,
மல்லாவிச் சந்தியிலிருந்து அரைக்கட்டை,
ஒன்றரை ஏக்கர் வளவு.
அவருக்கு வேண்டியது
கொழும்பில் ஒரு வங்கி வாசலில் கண்ட பச்சைப் புல்லும்
அணிவகுத்து நிற்கும் ஆறு அலங்காரப் பனையும்.
பனை தெரியும்.
அலங்காரப் பனை என்றால்
நுங்கில்லை, ஓலை வேலிக்கு உதவாது,
கன்று ஒன்று பன்னிரண்டாயிரம்.

ஆடியில் அளக்கப் போனோம்.
வெடி அகற்றினவர்கள் எப்போதோ விட்டுப்போன
இரும்புக் குத்தி ஒன்று மூலையில் நின்றது.
அதைப் பூச்சியம் என்று வைத்துக்கொண்டோம்.
சோளகம் ரேப்பைப் பிடுங்க
மற்ற நுனியைக் காலால் மிதித்தபடி ரூபகாந்தன் கேட்டான்,
"புல்லுக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணி?"
சொன்னேன்.
அவன் கிணற்றுக்குள் ஒரு கல்லைப் போட்டான்.
சத்தம் வர நேரஞ்சென்றது.

வடமேற்கில் ஒரு பாலை.
பின்னேரம் இரண்டு மணிக்கு அதன் நிழல்
எங்கே விழுகிறதென்று நின்று பார்த்து
மோட்டார் சைக்கிள் தரிப்பிடத்தை அங்கே இழுத்தேன்.
வேருக்கு மேல் கொங்கிறீற் ஊற்றக்கூடாது என்று
சிவப்புப் பேனையால் எழுதினேன், இரண்டுதரம்.
மூட்டை ஏற்றின லேன்ட்மாஸ்டர் திரும்ப எட்டு மீற்றர்.
இவ்வளவும் சுலபம்.

பிறகு, பள்ளம்.
தெற்கே, எருக்கலைக்கு நடுவில்,
நீளம் மூன்று மீற்றர், மடங்கி ஒன்றரை,
முழங்கால் ஆழம், ஓரமெல்லாம் மழைக்குக் கரைந்து.
புள்ளி வைத்துச் சேர்த்தபோது
தாளில் வந்து குந்தியது
ஒரு "ட".
ரூபகாந்தன் தாளைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.
அந்த எழுத்தை நாங்கள் இரண்டு பேரும்
பள்ளிக்கூடம் போக முன்னமே
உள்ளுக்குள் இருந்து படித்தவர்கள்.

"ரெண்டு லோட் கிறவல் போட்டா முடிஞ்சுது."
இரண்டாம் வரைபடத்தில் அப்படியே போட்டேன்:
கிறவல், இரண்டு லோட், பரவுகூலி சேர்த்து.
இரவு கூரைத் தண்ணீரைக் கணக்குப் பார்த்தேன்.
இருநூற்று நாற்பது சதுர மீற்றர் ஓடு.
மார்கழியில் ஒரு நாள் நூறு மில்லிமீற்றர் கொட்டினால்
இருபத்துநாலாயிரம் லீற்றர்.
அது எங்கேயாவது போகவேணும்.
வாசலுக்குப் போகும், நெல் மூட்டைக்குப் போகும்,
அல்லது
நிலம் தானாய்ச் சாய்ந்து காட்டுகிற இடத்துக்குப் போகும்.

மூன்றாம் வரைபடத்தில்
பீலியிலிருந்து ஒரு வாய்க்கால், மண்ணிலேயே வெட்டி,
பள்ளம் வரைக்கும்.
கரையைப் பிடிக்க வெட்டிவேர்.
பக்கத்தில் ஒரு மருது, அது ஈரத்தில் நிற்கக்கூடியது.
"நீர் தங்குமிடம்" என்று எழுதினேன்,
வேறு பேர் எழுதவில்லை.
மதிலுக்குப் பதில் கம்பிவேலி, அதில் ஒரு கடவை,
ஏனென்றால் ஒருவரும் கீறாமலே
வளவுக்குக் குறுக்கே ஒரு ஒற்றையடிப் பாதை
குளக்கட்டுக்குப் போய்க்கொண்டிருக்கிறது.

குகதாசன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
விரலைப் பள்ளத்தில் வைத்தார், எடுக்கவில்லை.
"எங்கட கொஞ்சம் பெரிசு. ஏழு பேர்."
வெளியே யாரோ நெல் விலை கேட்டார்கள்.
"வாசலில ஒரு துண்டுப் புல்லாவது" என்றார் பிறகு.
மூன்றுக்கு மூன்று மீற்றர் கொடுத்தேன்.
கையெழுத்து வைத்தார்.

சுண்ணாம்புத் தூளால் நிலத்தில் கோடு போட்டுவிட்டு வந்தோம்.
விடிய மாடுகள் பாதியை அழித்திருந்தன.
மிச்சத்துக்கு மேலால் ஏறின ஒரு சைக்கிள் ரயர்
வெள்ளைக் கோடாய்
குளக்கட்டுப் பக்கம் போயிருந்தது.
ரூபகாந்தன் ரேப்பை உதறினான்.
"குத்தியில இருந்தா, பள்ளத்தில இருந்தா?"