எந்த மூஞ்சி

தலவாக்கலை பஸ் ஸ்டாண்டுக்கு மேலே,
பேக்கரிச் சூடு ஏறுகிற மரப்படி முடிவில்
சீடி கடை. கல்லாவில் நான்.
முப்பது ரூபாய், ஒரு ராத்திரி.

பேய்ப்படத்துக்கு யாரும் பெயர் சொல்வதில்லை.
அட்டை எல்லாம் போட்டோகொப்பி, எழுத்து ஊறிப்போன மை.
மூஞ்சியைச் சொல்லித்தான் கேட்பார்கள்:
"அக்கா, வெள்ளை மூஞ்சி வந்திருச்சா?"
"சாக்கு மூஞ்சி, ரெண்டாம் பாகம்."
"வெல்டிங் கண்ணாடிக்காரன் இருக்கானா, வெளிய போயிட்டானா?"
வீட்டு மனிதரை விசாரிக்கிற மாதிரி.
நானும் கொப்பியில் அப்படியே எழுதினேன்:
பொம்மைச் சிரிப்பு, கீழ் டிவிஷன் தயாளன்.
வாய் தைத்தவன், ஸ்டேஷன் குவாட்டர்ஸ் பையன்,
இரண்டு நாள் பாக்கி.

ஆளில்லாத மழை மத்தியானங்களில்
நானும் பார்த்து முடித்தேன் எல்லாரையும்.
அவர்கள் ஓடுவதே இல்லை.
ஓடுகிற பெண்கள்தான் விழுகிறார்கள்;
இவன் பெரட்டுக்குப் போகிறவன் போல
நடந்தே வந்து சேர்ந்துவிடுகிறான்.
முகத்தில் கோபம் கிடையாது. அதுதான் பயம்.
அரைப் பேர் போட்டுவிட்டு
நிமிராமல் அடுத்த பக்கம் புரட்டுகிற
கணக்கப்பிள்ளை முகம்.

சனிக்கிழமை செபமாலை வருவார்,
ஏழாம் நம்பர் மலையில் மருந்தடிக்கிறவர்.
கழுத்தில் ரப்பர் மாஸ்க் தொங்கும்:
வட்டமாய் இரண்டு கண்,
பன்றி மூக்காய் ஒரு டப்பா.
கம்பெனி கொடுத்தது. உள்ளே பஞ்சு மாற்றி மூன்று வருஷம்.
வாயைச் சுற்றி வெளுத்த வளையம்,
யாரிடமோ இரவல் வாங்கி ஒட்டிய தோல் மாதிரி.
மூஞ்சி மூடின படம்தான் எடுப்பார்.
"இவனுக்கு உள்ள எப்பிடி வேர்க்கும் தெரியுமா புள்ள,
கத்திய விடு,
மூக்கு அரிச்சா என்ன செய்வான்?"
சிரித்துவிட்டேன். அதற்குப் பிறகு
எந்தக் கொலையிலும் எனக்கு
அந்த மூக்குதான் ஞாபகம்.

அந்த ஆவணியில் கிரீஸ் பூதம் என்றார்கள்.
உடம்பெல்லாம் எண்ணெய், காலில் ஸ்ப்ரிங், விரலில் பிளேடு.
பார்த்தவரைப் பார்த்தவர்களைத்தான் நான் பார்த்தேன்.
லயத்தில் விடியும்வரை தகரம் தட்டினோம்,
கக்கூசுக்கு நாலு பேராகப் போனோம்.
கடையில் அந்த மாதம்தான் நல்ல வியாபாரம்.

கொந்தரப்பு முடித்து, பனிக்குள்,
கவ்வாத்து மலைக் குறுக்குப்பாதையில் செபமாலை இறங்கினார்.
கீழ் டிவிஷனுக்கு அவர் வெறும் மாஸ்க்;
பதினெட்டு வருஷமாக அங்கே யாரும்
அவர் முகத்தைப் பார்த்ததில்லை.
போட்டிருந்தால் மருந்துக்காரர் என்று விட்டிருப்பார்கள்.
அன்றைக்குப் பார்த்துக் கழற்றிவிட்டார்,
காற்று வாங்க.

கடை பூட்டிவிட்டு நான் டோர்ச்சோடு ஏறிக்கொண்டிருந்தேன்.
பொல்லோடு ஒன்பது பத்துப் பேர்,
துவாயால் முகம் கட்டி.
யாரும் ஓடவில்லை. வட்டமாக, நிதானமாக.
துவாய்க்கு மேலே கண்கள்.
கல்லாவுக்கு அந்தப் பக்கமிருந்து
எத்தனை தடவை என்னைப் பார்த்த கண்கள்.
வெள்ளை மூஞ்சி. ரெண்டாம் பாகம். பொம்மைச் சிரிப்பு.
கொப்பி தானாகப் புரண்டது உள்ளே.
ஒரு பெயரும் வாய்க்கு வரவில்லை.
கத்தினேனா?
கத்தினேன் என்றுதான் பொலிஸில் சொன்னேன்.

நுவரெலியா ஆஸ்பத்திரியில் பத்தொன்பது நாள்.
தாடையில் கம்பி.
மனைவி படியேறி வந்தாள்,
அவர் ஜாக்கெட்டிலிருந்த சீடி இரண்டு துண்டாய்
ஷொப்பிங் பையில் சுற்றி.
"இதுக்கு எவ்வளவு கட்டணும்?"
பை இன்னும் லாச்சியில் இருக்கிறது.

அடுத்த சனிக்கிழமை மழை விட்டதும்
அவர்கள் வந்தார்கள். ஈரத் தலை வாரி,
பவுடர் போட்ட, கழுவித் துடைத்த முகங்கள்.
அக்கா, என்றான் தயாளன்.
கொப்பியைத் திறந்து பேனாவை எடுத்தேன்.
"எந்த மூஞ்சி?"

கீழே பத்து மணிக் கோச்சி
பாலத்தில் ஏறுகிற சத்தம்.
தயாளன் மூக்கைச் சொறிந்தான்.